செர்ரிச் சிவப்பு எத்தனை டிகிரி? – கத்திக்குப் பதம் வைத்த கதை



சென்ற மாதம் நம் குழுவில் ஒரு மாணவர் காணொளி ஒன்றைப் போட்டிருந்தார். அவர் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறார். பீரோ லாக்கர் அளவுக்கு ஒரு மின்சார உலை. அதன் முகப்பில் சிவப்பு எழுத்தில் 1015 என்று எண் ஒளிர்கிறது. உள்ளே, பளபளக்கும் தகட்டில் பொட்டலம் கட்டியதுபோல ஒரு கத்தி. அதன் கீழே உறவினர் ஒருவர், "எங்க ஊர்க் கொல்லர் கரி அடுப்புல அஞ்சு நிமிஷத்துல அரிவாளுக்குப் பதம் வெச்சுருவார். ஒரு கத்திக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அந்தக் கொல்லருக்கும் இந்த உலைக்கும் நடுவில் சுமார் 150 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பதம் என்றால் என்ன என்று பார்ப்போம். எஃகு என்பது இரும்போடு சிறிதளவு கரி, அதாவது கார்பன், சேர்ந்தது. நூற்றில் ஒரு பங்கு கரி இருந்தாலே கத்திக்குப் போதும். இந்த எஃகைச் சூடாக்கிக்கொண்டே போனால், சுமார் 727 டிகிரி செல்சியஸில் இரும்பு அணுக்கள் தாங்கள் அடுக்கியிருக்கும் முறையை மாற்றிக்கொள்ளத் தொடங்கும். புதிய அடுக்கில் கரி அணுக்கள் புகுந்துகொள்ள இடம் கிடைக்கும். தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோலக் கரி இரும்புக்குள் கரைந்துவிடும். அந்த நேரத்தில் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால், கரி அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட கரி இரும்பின் அடுக்கை இறுக்கிப் பிடிப்பதால் எஃகு மிகக் கடினமாகிறது. இதைத்தான் நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள். தொழிற்சாலையில் ஹார்டனிங் என்பார்கள்.

ஆனால் தோய்ச்சல் மட்டும் முடிந்த கத்தி கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஆகவே அதை மறுபடியும் மிதமாக, சுமார் 200 டிகிரி வரை, சூடாக்க வேண்டும். கடினம் கொஞ்சம் குறையும்; உடையாத தன்மை வரும். இதற்கு டெம்பரிங் என்று பெயர். சூடாக்குதல், தோய்த்தல், மறுபடி மிதமாகச் சூடாக்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஹீட் ட்ரீட்மென்ட்.

இதில் சிக்கல் எங்கே என்றால், சூட்டின் அளவில். குறைந்துபோனால் கரி கரையாது. எத்தனை முறை தோய்த்தாலும் கத்தி மழுங்கலாகவே இருக்கும். கூடிப்போனால் எஃகின் உள்ளே இருக்கும் மணிகள் பருத்துவிடும். கத்தி பொட்டென்று உடையும். சரியான சூடு எது என்று அந்தக் காலத்துக் கொல்லருக்கு யார் சொன்னது?

அவருடைய கண்தான் சொன்னது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் பாட்டி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து "பதம் வந்துருச்சு" என்று சொல்வார் அல்லவா? அவரிடம் எத்தனை டிகிரி என்று கேட்டால் சிரிப்பார். கொல்லரும் அப்படித்தான். இரும்பின் நிறத்தைப் பார்ப்பார். ஆங்கிலேயக் கொல்லர்கள் இந்த நிறத்துக்குச் செர்ரிச் சிவப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். நாம் கோவைப்பழச் சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறைகளை இருட்டாக வைத்திருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. நல்ல வெயிலில் மங்கலாகத் தெரியும் இரும்பு, இருட்டில் பளிச்சென்று சிவந்து தெரியும். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும், கணக்குத் தப்பிவிடும்.

டெம்பரிங்குக்கும் நிறம்தான் அடையாளம். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகை மெல்லச் சூடாக்கினால், அதன் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். சவரக்கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். சுருள்வில்லுக்கு நீலம் வரை போக வேண்டும். எவ்வளவு நுட்பமான அறிவு பாருங்கள்! நூற்றாண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் கத்தியும் வாளும் இந்தக் கண்களை நம்பித்தான் செய்யப்பட்டன.

இந்த அறிவில் ஒரே ஒரு குறை. அது ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு எளிதில் போகாது. குருவின் அருகில் பத்து வருடம் துருத்தி ஊதினால்தான் வரும். ஊர் தாண்டினால் இன்னும் கஷ்டம்.

இதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள ஓர் உதாரணமே இருக்கிறது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த எஃகை ஐரோப்பியர்கள் வூட்ஸ் என்று அழைத்தார்கள். கன்னடத்தின் உக்கு, நம் உருக்கு ஆகிய சொற்களின் உறவுதான் அந்தப் பெயர் என்பது அறிஞர்கள் கருத்து. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் கத்தி செய்து பார்த்துப் பாராட்டினார். பின்னர் 1820களின் தொடக்கத்தில் அதே ஸ்டோடார்ட்டும், கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்கள். ஆம், மின்சாரம் படிக்கும்போது நாம் சொல்லும் அதே ஃபாரடேதான்.

ஆனால் பல ஐரோப்பியக் கொல்லர்கள் கையில் இந்த எஃகு பாடாய்ப் படுத்தியது. சம்மட்டியால் ஒரு அடி வைத்ததும் கட்டி பொலபொலவென்று நொறுங்கியது. காரணம் எளிமையானது. வூட்ஸில் கரி அதிகம்; நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இருக்கும். கரி கூடக்கூட எஃகு குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்கும். அவர்கள் தங்கள் இரும்புக்குப் பழகியபடி வெள்ளையாக ஒளிரும் வரை காய்ச்சினார்கள். இதைச் சிவப்பிலேயே அடிக்க வேண்டும் என்பது நம் கொல்லரின் கண்ணுக்குத் தெரியும். எஃகுக் கட்டி கப்பலேறிப் போனது. அந்தக் கண் கூடப் போகவில்லை. பிறகு இங்கேயும் அந்தத் தொழில் அழிந்தபோது, கையோடும் கண்ணோடும் இருந்த அறிவு எழுத்தில் இறங்காமலே மறைந்தது. இன்று ஆய்வாளர்கள் பழைய மூசை ஓடுகளையும் கசடுகளையும் வைத்து அதை மீண்டும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, சூட்டுக்கு எண் கொடுக்க யார் முயன்றார்கள்? பாதரச வெப்பமானி இதற்கு உதவாது. 357 டிகிரியிலேயே பாதரசம் கொதித்துவிடும். 1782இல் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய மண்பாண்டத் தொழிலதிபர் ஒரு வழி கண்டார். களிமண் துண்டு சூளையில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து, அதைக் கொண்டு சூட்டைச் சொன்னார். அவர் சொன்ன எண்கள் உண்மையைவிடப் பல மடங்கு அதிகம் என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும், நெருப்பை அளக்க முடியும் என்ற எண்ணம் பிறந்துவிட்டது.

அடுத்து ரஷ்யாவுக்குப் போவோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஒபுகோவ் எஃகு ஆலையில் செய்த பீரங்கிகளில் சில, சுடும்போது வெடித்துச் சிதறின. ஒரே ஆலை, ஒரே எஃகு. சில பீரங்கிகள் உறுதியாக நிற்கின்றன, சில வெடிக்கின்றன. இதை ஆராய்ந்த டிமித்ரி செர்னோவ் என்ற பொறியாளர் 1868இல் தம் முடிவைச் சொன்னார். எஃகுக்குச் சூட்டில் சில எல்லைக்கோடுகள் உண்டு. முதல் எல்லையைத் தொடாத எஃகு, எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தாலும் கடினமாகாது. இதை அவர் கருவி இல்லாமல், நிறத்தைக் கூர்ந்து பார்த்தே கண்டுபிடித்தார். ஆனாலும் அவரால் எல்லை இருக்கிறது என்றுதான் சொல்ல முடிந்தது. எத்தனை டிகிரியில் என்று உறுதியாகச் சொல்லக் கருவி வேண்டியிருந்தது.

அந்தக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் நுனிகளை இணைத்துச் சூடாக்கினால் சிறிதளவு மின்சாரம் பிறக்கும். இது ஜெர்மனியில் சீபெக் 1821லேயே கண்டது. 1880களின் பிற்பகுதியில் ஹென்றி லே ஷாட்லியே, பிளாட்டினக் கம்பி ஒன்றையும் பிளாட்டினத்தோடு ரோடியம் கலந்த கம்பி ஒன்றையும் இணைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேலும் நம்பகமாக அளக்கும் கருவியாக்கினார். இதுதான் தெர்மோகப்பிள். அதைக் கொண்டு அவர் நாட்டவரான ஆஸ்மாண்ட், எஃகு மாறும் எல்லைகளை எண்களாக எழுதினார். தோய்ச்சலில் பிறக்கும் அந்தக் கடினமான அமைப்புக்கு, ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டன்ஸ் நினைவாக, 1895இல் மார்ட்டென்சைட் என்று பெயர் வைத்தவரும் அவரே.

இனிதான் கதை சூடுபிடிக்கிறது. அமெரிக்காவில் பெத்லஹேம் எஃகு ஆலை. ஆண்டு 1898. லேத்தில் இரும்பைச் சீவும் உளிகளுக்கு எந்த எஃகு சிறந்தது என்று ஃபிரெடெரிக் டெய்லரும் மாவுன்செல் வைட்டும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் ராபர்ட் முஷெட் 1868இல் டங்ஸ்டன் கலந்து ஒரு டூல் ஸ்டீல் செய்திருந்தார். அதை எண்ணெயில் முக்கவே வேண்டாம். காற்றில் ஆறினாலே கடினமாகும். அந்த வகை எஃகுகளைத்தான் இவர்கள் சோதித்தார்கள்.

கொல்லர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன விதி ஒன்று உண்டு: செர்ரிச் சிவப்பைத் தாண்டாதே, தாண்டினால் எஃகு செத்துப்போகும். இவர்கள் உளிகளைப் படிப்படியாகச் சூட்டை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதித்தார்கள். சுமார் 840 டிகிரிக்கு மேல் விதி சொன்னபடியே உளி கெட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் விதி நிரூபணமாகியிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. சுமார் 940 டிகிரியைத் தாண்டியதும் உளி மறுபடி நன்றாகத் தொடங்கியது. உருகும் நிலையை நெருங்க நெருங்க இன்னும் சிறப்பானது! அந்த உளி, வேலை செய்யும் சூட்டில் தானே சிவந்துபோனாலும் மழுங்கவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவித்தள்ளும் அந்த உளியை ஐரோப்பியப் பொறியாளர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். இன்று நாம் ஹை ஸ்பீடு ஸ்டீல் என்று சொல்வது இந்த வழியில் வந்ததுதான். பழைய பவர் ஹாக்சா பிளேடில் கத்தி செய்து வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. உங்கள் வீட்டுக் கத்திக்கும் அந்தப் பாரிஸ் கண்காட்சிக்கும் உறவு இருக்கிறது.

இதே இருவர் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பிடிக்கும். கொல்லர்கள் பேசும் நிறப் பெயர்களுக்கு எதிரே தெர்மோகப்பிள் காட்டிய எண்ணை எழுதி ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். இருண்ட செர்ரி என்றால் சுமார் 635 டிகிரி, முழுச் செர்ரி 745, வெளிர் செர்ரி 845, மஞ்சள் 995, வெள்ளை 1200. பாருங்கள், செர்ரி என்ற ஒரே சொல்லுக்குள் 200 டிகிரி வித்தியாசம் ஒளிந்திருந்திருக்கிறது! ஒருவர் "செர்ரி" என்று சொல்ல, இன்னொருவர் வேறொரு செர்ரியைப் புரிந்துகொள்ள, எத்தனை கத்திகள் பாழாகியிருக்கும்?

அடுத்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. கத்திக்கே பேர்போன ஊர். நம் ஊரில் பூட்டுக்குத் திண்டுக்கல் மாதிரி. அங்கே எஃகு உருக்கும் தொழிலாளியின் மகன் ஹாரி பிரியர்லி. பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டு, ஆய்வகத்தில் புட்டி கழுவும் பையனாகச் சேர்ந்து, தானே படித்து முன்னேறி, ஆய்வகத் தலைவரானவர். 1911இல் டூல் ஸ்டீலின் ஹீட் ட்ரீட்மென்ட் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1913 ஆகஸ்டில், துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க எஃகு தேடியபோது, சுமார் 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு ஒன்றை வார்த்தார். அது துருப்பிடிக்கவில்லை. உடனே அவர் மனம் போனது சாப்பாட்டு மேசைக் கத்திக்கு.

ஷெஃபீல்டு கத்திக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் வழிவழி வந்த முறைப்படி காய்ச்சித் தோய்த்தார்கள். கத்தி வெட்டவில்லை. "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று பிரியர்லியைக் கேலி செய்தார்கள். எஃகில் பழுதில்லை. குரோமியம் கரியைத் தன்னோடு கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பிடி விட்டுக் கரி இரும்பில் கரைய வேண்டுமானால் ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். பழைய செர்ரிச் சிவப்பு அதற்குக் காணாது. நல்ல எஃகும் இருந்தது, திறமையான கைகளும் இருந்தன. எண் மட்டும் போய்ச் சேரவில்லை. கடைசியில் எர்னெஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தி ஆலை மேலாளர் சில முயற்சிகளுக்குப் பிறகு நல்ல கத்தியைச் செய்து காட்டினார். வினிகரிலும் கறைபடாததைப் பார்த்து ஸ்டெயின்லெஸ் என்ற பெயரைச் சொன்னவரும் அவர்தான். நம் வீட்டில் எவர்சில்வர் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை இப்படித்தான் பிறந்தது.

இனி அந்த மின்சார உலைக்கு வரலாம். 1906இல் அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். ஆண்டுக்கணக்கில் சிவக்கச் சிவக்க எரிந்தாலும் கருகாத கம்பி. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இந்த இனக் கம்பிதான். சூடு தர இந்தக் கம்பி, சூட்டைப் பார்க்கத் தெர்மோகப்பிள், இரண்டையும் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கருவி. மூன்றையும் ஒரு செங்கல் பெட்டிக்குள் வைத்தால் அதுதான் அந்த உலை.

அதற்குள் இருந்த கத்தி டி2 என்ற டூல் ஸ்டீல் என்று மாணவர் எழுதியிருந்தார். ஒன்றரைப் பங்கு கரி, 12 பங்கு குரோமியம். அதைச் சூட்டில் காற்றுபடாமல் ஸ்டெயின்லெஸ் தகட்டில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மேற்பரப்பின் கரி எரிந்துபோகும். நடுவில் சற்று நிறுத்திச் சூடாக்கி, பிறகு 1010 முதல் 1020 டிகிரிக்கு ஏற்றி, 20 முதல் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காற்றிலேயே ஆறவிட்டால் போதும். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை டெம்பரிங். அது முடிந்ததும் ராக்வெல் கருவியில் வைரக் கூம்பை அழுத்திப் பார்த்தால் 60ஐ ஒட்டிக் காட்டும். (இந்தக் கருவிக்கு ராக்வெல் குடும்பப் பெயர் கொண்ட இருவர் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1919இல் கிடைத்தது.)

இந்த எஃகை 950 டிகிரியில் நிறுத்தினால் கரி போதுமான அளவு கரையாது. 1100க்குப் போனால் மணிகள் பருக்கும், கடினமும் குறையும். 1015க்கும் 1060க்கும் உள்ள நிற வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதிலும் அரை மணி நேரம் ஒரே நிறத்தில் கரி அடுப்பை நிறுத்தி வைக்க யாரால் முடியும்? உறவினரின் கேள்விக்கு இதுதான் பதில். சாதாரணக் கரி எஃகில் அரிவாள் செய்ய அந்தக் கொல்லரின் கண் போதும். அவர் செய்வது முழுக்க முழுக்கச் சரி. டி2 போன்ற எஃகுக்குப் பெட்டி வேண்டும்.

எண் வந்ததில் லாபம் மட்டும்தானா? இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டெய்லர் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தவர். கைத்தொழிலாளிக்குத் தெரிந்ததையெல்லாம் நிர்வாகத்தின் அட்டவணைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கொள்கை. பட்டறையில் மூத்த கொல்லருக்கு இருந்த மரியாதைக்கும் கூலிக்கும் காரணமே அவருடைய கண்தான். அது சுவரில் ஒட்டிய பட்டியலாக மாறியதும், முதலாளி அவரிடம் கெஞ்ச வேண்டிய தேவை போய்விட்டது. 1911இல் வாட்டர்டவுன் ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் டெய்லரின் முறையை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனாலும் ஆசிரியனாக வாழ்ந்தவன் என்ற முறையில் நான் எண்ணின் பக்கம்தான் நிற்பேன். குருவின் மகனுக்கோ, அவருக்குப் பிடித்த ஒருவனுக்கோ மட்டும் கிடைத்துவந்த வித்தை, எண்ணாக மாறிய பிறகு புத்தகத்தில் ஏறியது. புத்தகத்தில் ஏறியதால் ஐ.டி.ஐ. வகுப்பறைக்கு வந்தது. அப்பன் பாட்டன் யாரும் உலை பார்க்காத வீட்டுப் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, இன்று அந்த உலைக்கு முன் நிற்க முடிகிறது. எந்தச் சாதியில் பிறந்தாய், யாரிடம் துருத்தி ஊதினாய் என்று தெர்மோகப்பிள் கேட்பதில்லை.

அதே சமயம், பட்டியலை எழுத டெய்லருக்கும் வைட்டுக்கும் யாருடைய சொற்கள் தேவைப்பட்டன? கொல்லர்களின் சொற்கள்தான். கண் பார்த்து வைத்ததைத்தான் கருவி அளந்தது. பார்த்தவர் ஒருவரும் இல்லாமல் போயிருந்தால் அளக்க என்ன இருந்திருக்கும்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் நடக்கிறது என்றால், அங்கே மூத்தவர் யாராவது இருக்கிறார் என்றால், ஒரு மாலைப் பொழுது போய் உட்காருங்கள். எந்த நிறத்தில் எடுக்கிறீர்கள், அந்த நிறத்துக்கு என்ன பெயர் சொல்வீர்கள், எதில் தோய்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் என்று மரியாதையாகக் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டூல் ரூமிலும் ஃபவுண்டரியிலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இங்கே பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள். அந்தச் சொற்களுக்கு எதிரே எண்ணை எழுதுவது உங்கள் பொறுப்பு. இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டுவிடுவோம். பின்னூட்டத்தில் எழுதுங்கள், கையெழுத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பினாலும் சரி. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்